மட்சுரியும் பார்வையாளரும்: கியோட்டோ நகரின் கியோன் விழா பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு சமூகம் படைத்த கலைகளுள் விழாவே மிகப் பழையதும் மிகப் பெரியதும் ஆகும். ஆடல், இசை, ஓவியம், தச்சு, நெசவு, சமையல் ஆகிய அனைத்தும் ஓரிடத்தில், ஒரு நாளில், ஒரு நோக்கத்துக்காக ஒன்றுசேரும் நிலையினை வேறெந்தக் கலைவடிவத்திலும் காண்பதரிது. ஆயினும் கவிதைக்கும் நாடகத்துக்கும் கிடைக்கும் விமரிசனக் கவனம் விழாவுக்குக் கிடைப்பதில்லை. அதனைச் சமயத்தின் கூறாகக் கொண்டு வணங்குவோர் உளர். உல்லாசப் பயணத்தின் கூறாகக் கொண்டு இரசிப்போரும் உளர். அதன் வடிவமும் உள்ளடக்கமும் எவ்வாறு இயைகின்றன, அது யாரால், யாருக்காக நிகழ்த்தப்படுகின்றது என வினவுவோரோ மிகச் சிலராவர்.

இவ்வினாவினை எழுப்புவதற்கு யப்பானிய விழாக்கள் மிகப் பொருத்தமான களமாகும். யப்பானியப் பண்பாட்டு விழா என்றதும் இன்று பலரது மனத்திலும் எழுவது ஒரே காட்சிதான். நண்பர்கள் நால்வர் ஐவர் ஒன்றுகூடிப் புறப்படுகின்றனர். யுகத்தா எனும் மெல்லிய பருத்தி அங்கியினை வாடகைக்குப் பெற்று அணிகின்றனர். தெருவோரக் கடைகளில் உண்கின்றனர். காகிதவிளக்குகளின் கீழ் நின்று படம் பிடிக்கின்றனர். இரவானதும் களைப்போடும் மகிழ்ச்சியோடும் திரும்புகின்றனர். ஒரு நாள் இனிதே கழிகின்றது. அதிற் குற்றம் காண்பதற்கு ஏதுமில்லை. ஆயின், அந்த ஒரு நாளில் அவர்கள் கண்டது எதனை? ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வினையா, அன்றி அதன் அலங்காரத்தினை மட்டுமா? அவர்களது வருகையினால் விழா வளம் பெறுகின்றதா, வறுமையடைகின்றதா? கியோட்டோ நகரில் ஆண்டுதோறும் யூலை மாதம் முழுவதும் நிகழும் கியோன் விழாவினை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பார்வையாளரின் பிறப்பு

யப்பானிய நாட்டாரியலின் தந்தை எனப் போற்றப்படும் யனகித்தா குனியோ (1875–1962), 1942ஆம் ஆண்டு வெளிவந்த ‘யப்பானின் விழாக்கள்’ என்னும் நூலில் ஓர் அடிப்படை வேறுபாட்டினை எடுத்துக்காட்டினார். ‘மட்சுரி’ என்பது ஒன்று. ‘சைரெய்’ எனப்படும் பெருவிழா மற்றொன்று. முன்னையது ஊர் மக்கள் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொண்டு, இரவு முழுவதும் விழித்திருந்து, தம் தெய்வத்தோடு உடனுறைவது. பின்னையது பகலொளியில், அணியணியாக, பிறர் காண நிகழ்வது. முன்னையது பின்னையதாக மாறியமைக்கு முதன்மையான காரணம் பார்வையாளர் என்ற ஒரு கூட்டம் தோன்றியமையே என்பது அவரது முடிபு. நம்பிக்கையிற் பங்கு கொள்ளாது, அழகினை மட்டும் நாடி, ஓரத்தில் நின்று பார்ப்பவரே அவர் குறிப்பிடும் பார்வையாளர். இவ்விளக்கத்தின் சிறப்பு யாதெனில், விழாவில் நேர்ந்த மாற்றத்தினைத் தெய்வத்திலோ சடங்கிலோ தேடாமல், அதன்முன் நிற்கும் மனிதரின் நிலையில் அவர் தேடியமையாகும். நாடக விமரிசனத்தில் அவையோர் பெறும் முக்கியத்துவத்தினை அவர் விழாவுக்கும் வழங்கினார் எனலாம்.

எனினும் இக்கருத்தினை அப்படியே ஏற்போமாயின், பார்வையாளரின் வருகை விழாவின் வீழ்ச்சி என்றும், அவரில்லாத பழைய விழாவே உண்மையான விழா என்றும் கொள்ளவேண்டிவரும். கியோன் விழாவின் வரலாறு அத்துணை எளிமையானதன்று.

கொள்ளைநோயும் அரசவையும்

இவ்விழாவின் தோற்றம் 869ஆம் ஆண்டுக்குரியதென மரபு கூறும். அன்று கொள்ளைநோய் நாடெங்கும் பரவியிருந்தது. நோயினைத் தணிக்கும் பொருட்டு, அன்றைய நாட்டின் பிரிவுகளது தொகைக்கு ஒப்ப 66 ஈட்டிகள் அரசதோட்டமான ஷின்சென் பூங்காவில் நாட்டப்பட்டு வழிபாடு நிகழ்த்தப்பட்டது. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர், 863இல், அதே பூங்காவில் அரசவை நிகழ்த்திய சாந்திச் சடங்கு இதன் உட்பொருளை விளக்கவல்லது. அரசியற் போட்டியில் வீழ்த்தப்பட்டு, மனக்குறையுடன் மாண்டவர்களின் ஆவிகளே நோயாக வந்து நகரைத் தாக்குகின்றன என்று அக்காலத்தோர் நம்பினர். இளவரசர் சவரா போன்றோரின் ஆவிகள் அன்று சாந்தி செய்யப்பட்டன. அதிகாரத்தில் இருந்தோரின் குற்றவுணர்வும் அச்சமும் சடங்கின் வடிவம் பெற்றமையே இதிற் காணத்தக்கது. விழா தோன்றிய வேளையில் அது மக்களின் களிப்பாக அமையவில்லை. அரசின் அச்சமாகவே அமைந்தது.

விழாவின் பெயரும் கவனத்துக்குரியது. ‘கியோன்’ என்பது புத்தர் தங்கியிருந்த ஜேதவன விகாரையினைக் குறிக்கும் யப்பானியப் பெயரின் சுருக்கமாகும். அநுராதபுரத்தில் ஜேதவன தாதுகோபத்துக்குப் பெயரளித்த அதே ஜேதவனமே கடல் கடந்து கியோட்டோவின் ஒரு பகுதிக்கும் பெயராயிற்று. அவ்வனத்தின் காவற்றெய்வம் எனக் கருதப்பட்ட கோசு தென்னோ என்னும் நோய்த்தெய்வமே நீண்டகாலமாக இவ்விழாவின் நாயகராக விளங்கியது. 1868இல் மெய்ஜி அரசு ஷிந்தோ சமயத்தையும் பௌத்தத்தையும் பிரித்தாளும் ஆணையினைப் பிறப்பித்தபோது, கியோன் ஆலயம் யாசகா ஆலயமெனப் பெயர் மாறியது. தெய்வத்தின் பெயரும் சுசானோ என்றாயிற்று. தெய்வத்தின் பெயரை அரசாணையொன்று மாற்றிய பின்னரும் விழா மட்டும் தொடர்ந்தது. விழாவினைத் தாங்கி நின்ற சக்தி வேறோரிடத்தில் இருந்தமையே இதற்குக் காரணமாகும்.

நகரத்தாரின் விழா

அச்சக்தி நகரத்து வணிகர்களிடமும் கைவினைஞர்களிடமும் இருந்தது. 1467 தொடக்கம் 1477 வரை நீடித்த ஓனின் போர் கியோட்டோவினைச் சாம்பலாக்கிற்று. விழா நின்றது. அரசவையும் படைத்தலைவரும் வலுவிழந்திருந்த சூழலில், தம் தெருக்களைத் தாமே காத்து, தாமே ஆளப் பழகிய நகரத்தார் 1500ஆம் ஆண்டில் விழாவினை மீட்டெடுத்தனர். தெருவுக்கொரு தேர் என்னும் அமைப்பு அவர்களால் உறுதிபெற்றது. தேர்கள் செல்லும் வரிசையினைச் சீட்டெடுத்துத் தீர்மானிக்கும் வழக்கமும் அக்காலத்திலேயே தோன்றியது. எத்தெரு முன்னே செல்வது என்னும் பூசலுக்குச் சமத்துவ முறையில் கண்ட தீர்வு அது. இன்றும் யூலை 2ஆந் தேதி நகரமுதல்வர் முன்னிலையிற் சீட்டெடுப்பு நிகழ்கின்றது.

1533இல் நடந்த ஒரு நிகழ்ச்சி விழாக்களின் வரலாற்றில் தனித்துவம் வாய்ந்தது. படையாட்சியினர் அவ்வாண்டு விழாவினை நிறுத்துமாறு பணித்தனர். நகரத்தார் ஆலயத்துக்குச் சென்று, தெய்வச்சடங்கு நிகழாவிடினும் ஆகுக, தேர்கள் மட்டும் ஓடவேண்டும் என வற்புறுத்தினர். இவ்வேண்டுகோளை இரு வகையாக வாசிக்கலாம். யனகித்தாவின் நோக்கில், சடங்கினின்றும் காட்சி பிரிந்து தனித்து நிற்கத் தலைப்பட்ட தருணம் அது. வேறொரு நோக்கில், அரசுக்கும் ஆலயத்துக்கும் உரியதாயிருந்த விழா மக்களுக்குரியதாக மாறிய தருணமும் அதுவே. இவ்விரு வாசிப்புகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. காட்சியாக மாறியதனாலேயே அது மக்களுடையதாகவும் மாற முடிந்தது. பார்ப்பதற்கு ஒரு நகரம் இல்லாதிருந்தால் எத்தெருவும் தன் தேரினை அலங்கரித்திராது.

அலங்காரத்தின் அளவினை நோக்குமிடத்து இது தெளிவாகும். இன்று ஓடும் 34 தேர்களுள் பெரியவை ஏறத்தாழ 25 மீற்றர் உயரமும் 12 தொன் வரையான எடையும் கொண்டவை. அவற்றின் மரச்சட்டங்கள் ஆணியின்றிக் கயிற்றினாலேயே பிணைக்கப்படுகின்றன. பக்கங்களிலே தொங்கும் திரைகளுள் 16ஆம் நூற்றாண்டிற் பெல்ஜிய நாட்டில் நெய்யப்பட்டவையும் உள. கோய்யாமா என்னும் தேரினை அணிசெய்யும் திரையில் துரோய் நகரப் போர்க்கதையின் காட்சி இடம்பெறுகின்றது. வெளிநாட்டுத் தொடர்புக்குக் கதவடைத்திருந்த யப்பானில், கிரேக்க காவியத்தின் அரசன் ஷிந்தோ தெய்வத்துக்கு முன்னே ஊர்வலம் வந்தான் என்பது வியப்புக்குரியது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வாயிலாகத் தக்கணத்துக் கம்பளங்களும் இத்தேர்களை வந்தடைந்தன. அக்காலத்தில் இலங்கையின் கரையோரத்தினை ஆண்ட அதே கம்பனிதான் அது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற கோடுபோட்ட பருத்தித் துணியினை யப்பானியர் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயரால் ‘சந்தோமே’ என்றே வழங்கினர். தூய யப்பானியப் பண்பாடு என இன்று விளம்பரஞ் செய்யப்படும் விழா, உண்மையில் உலக வணிகத்தின் நெசவினாற் போர்த்தப்பட்டதாகும். தம் கடல்வழிச் செல்வத்தினை ஊரறியக் காட்டவிரும்பிய ஒரு வர்க்கத்தின் கலை அது.

ஒரு நாளின் காட்சி

இனி, நண்பர் குழுவொன்று செலவிடும் அந்த நாளினை நோக்குவோம். முதல் ஊர்வலத்துக்கு முந்திய இரவுகளிலேயே நாள் தொடங்கிவிடுகின்றது. யூலை 14 முதல் 16 வரை தேர்கள் தத்தம் தெருக்களில் விளக்குச்சரங்களுடன் நிற்கும். மேற்றட்டில் அமர்ந்திருப்போர் மணியும் குழலும் மேளமும் இசைப்பர். சிறுவர் சிறுமியர் மெழுகுவர்த்தி வாங்குமாறு பாடியழைப்பர். பழைய வணிகக் குடும்பங்கள் சில, தம் வீட்டு முன்னறையினைத் திறந்துவைத்து, தலைமுறை தலைமுறையாகப் பேணிய மடிப்புத்திரை ஓவியங்களைத் தெருவிற் செல்வோர் காணவைப்பர். கலைக்கூடத்துக்குச் சென்று கட்டணஞ் செலுத்திக் காணவேண்டிய ஓவியங்கள் அவ்விரவுகளில் வீதியின் சொத்தாகின்றன.

17ஆந் தேதி காலை 9 மணிக்கு ஷிஜோ வீதியில் முதல் ஊர்வலம் தொடங்கும். நகினத்தா என்னும் தேரே எப்போதும் முதலிற் செல்லும். அதன்மேல் அமர்ந்த சிறுவன், வீதிக்குக் குறுக்கே கட்டிய புனிதக் கயிற்றினை வாளால் வெட்டுவான். அப்போது நண்பர்களின் கைகளெல்லாம் படக்கருவியோடு மேலுயரும். எனினும் அந்த நாளின் கலையுச்சம் சந்திகளிலேயே நிகழ்கின்றது. இத்தேர்களின் அச்சு திரும்புவதில்லை. எனவே சக்கரங்களுக்குக் கீழே பிளந்த மூங்கிற் பட்டைகளைப் பரப்பி, நீரூற்றி வழுக்கச் செய்து, முன்னே நிற்போர் விசிறியசைத்துக் குரலெழுப்ப, பலர் ஒருங்கே கயிற்றினைப் பக்கவாட்டில் இழுக்கின்றனர். பன்னிரண்டு தொன் மரம் முனகியவாறே சிறிது சிறிதாகத் திரும்புகின்றது. ஒருவர் தாளம் தவறினும் அது நிகழாது. தனிமனிதத் திறமை கூட்டுழைப்பினுள் முற்றாகக் கரைந்துபோகும் இக்கணத்தினை எந்த நாடக மேடையும் எளிதிற் படைத்துவிட இயலாது. கூட்டம் கைதட்டுகின்றது. அக்கைதட்டல் உண்மையானது, பொருளற்றதன்று.

நண்பகலானதும் நண்பர்கள் உணவகத்தை நாடிச் செல்கின்றனர். விழாவினைக் கண்டுவிட்டோம் என்பது அவர்களது எண்ணம். ஆனால் விழாவின் இரு மையமான நிகழ்ச்சிகள் அதன் பின்னரே நிகழ்கின்றன. ஒன்று, தெருவுக்குத் திரும்பிய தேர்கள் தாமதமின்றிப் பிரித்தடுக்கப்படுகின்றன. தேர்கள் வீதியிலுள்ள நோய்த்தீமையினைத் தம்மிடத்தே ஈர்த்துக்கொள்வன என்பது நம்பிக்கை. ஆகவே அவற்றை நிறுத்திவைத்தலாகாது. பல நாள் உழைப்பில் எழுந்த பேருருவம் சில மணிநேரத்திற் கயிறும் சட்டமுமாகப் பெட்டகத்துள் ஒடுங்குகின்றது. தன்னையே அழித்துக்கொள்வதில் நிறைவுறும் கலை இது. அதனை நிலைக்கச்செய்ய முயலும் படக்கருவியோ நேரெதிரான ஒரு மனப்பாங்கின் குறியீடாகும்.

மற்றையது மாலையில் நிகழ்வது. காலையிற் சென்ற தேர்களெல்லாம் வழியினைத் தூய்மை செய்த முன்னோடிகளே. தெய்வம் மாலையிலேதான் மூன்று பல்லக்குகளில் ஆலயத்தினின்றும் புறப்பட்டு, ஆட்களின் தோளிற் குலுங்கி, நகரின் நடுவிலுள்ள தங்குமிடத்தை அடைந்து, 24ஆந் தேதி வரை அங்கே உறைகின்றது. காட்சியினை நாடி வந்தோர், தெய்வம் வரும் வேளையில் வீதியை விட்டு அகன்றுவிடுகின்றனர். 1533இல் நகரத்தார் தெய்வச்சடங்கு இல்லாவிடினும் தேர் ஓடவேண்டும் என்றனர். இன்றைய பார்வையாளர் பலருக்குத் தெய்வச்சடங்கு என ஒன்று உண்டென்பதே தெரியாது. முன்னையது மக்களின் உரிமைக்குரல், பின்னையது அறியாமை. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணப்படினும் அவற்றிடையே பெரும் வேறுபாடுண்டு.

வீதியும் விலையும்

இவ்வறியாமைக்கு நண்பர் குழுவினை மட்டும் பொறுப்பாளியாக்குவது நீதியன்று. அவர்கள் எவ்விடத்தில் நின்று, எதனை, எவ்வளவு நேரம் பார்க்கவேண்டும் என்பதனை வேறு சக்திகள் வகுத்துவைத்துள்ளன. 1956இல் ஊர்வலப் பாதை மாற்றப்பட்டது. ஒடுங்கிய மட்சுபரா வீதியினூடாகச் சென்ற தேர்கள் அகன்ற ஒயிகே வீதிக்குத் திருப்பப்பட்டன. பழைய பாதையில் வீட்டு மேன்மாடியிலிருந்து கைநீட்டினாற் தேரினைத் தொடலாம் போன்ற நெருக்கமிருந்தது. புதிய பாதையில் இருக்கைகள் அமைத்துக் கட்டணம் பெறுவதற்கு வசதியிருந்தது. ஒயிகே வீதி அவ்வாறு அகன்றமைக்குக் காரணம் இரண்டாம் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில், வான்தாக்குதலால் தீ பரவாதிருத்தற்பொருட்டு அங்கிருந்த வீடுகள் இடிக்கப்பட்டமையே. போர் விட்டுச்சென்ற வெற்றிடம் பார்வையாளரின் அரங்காயிற்று. நம்பிக்கைக்கா விழா, உல்லாசப் பயணத்துக்கா விழா என்னும் விவாதம் அப்போதே எழுந்தது.

1966இல், போக்குவரத்து நெருக்கடி முதலிய காரணங்களால், 24ஆந் தேதி நிகழ்ந்த இரண்டாம் ஊர்வலம் 17ஆந் தேதி ஊர்வலத்தோடு இணைக்கப்பட்டது. இதனால் ஒரே நாளில் அனைத்துத் தேர்களையும் காணும் வாய்ப்புக் கிட்டியது. ஆயின், ஆலயத்துக்குத் திரும்பும் தெய்வத்துக்கு வழிசெய்தல் என்னும் இரண்டாம் ஊர்வலத்தின் பொருள் அற்றுப்போயிற்று. ஒரு நாடகத்தின் இறுதி அங்கத்தினை முதல் அங்கத்தோடு சேர்த்து நடிப்பதற்கு ஒப்பானது அது. இவ்விணைப்பு ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்து, 2014ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. 1864இன் பெருந்தீயில் அழிந்த ஓஃபுனே என்னும் கப்பல் வடிவத் தேரும் அவ்வாண்டில் மீண்டும் ஓடியது. 2009இல் தேரூர்வலம் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2016இல் அப்பதிவு யப்பானின் 33 தேர் விழாக்களை உள்ளடக்கியதாக விரிவாக்கப்பட்டது. உலக அங்கீகாரத்தோடு பயணிகளும் பெருகினர். 2023இல் உணவும் மதுவும் வழங்கும் சிறப்பிருக்கைகள், ஓரிருக்கை 4 இலட்சம் யென் என விற்கப்பட்டன. அடுத்த ஆண்டில் யாசகா ஆலயத்தின் தலைமைக் குருவானவர் இருக்கைகளில் மது வழங்குவதற்கு எதிர்ப்புத் தெரிவித்து, விழா வெறுங்காட்சியன்று என வெளிப்படையாகவே கூறவேண்டியதாயிற்று.

இதற்கு நேரெதிரான சான்று 2020இற் கிடைத்தது. கொவிட்-19 காரணமாக அவ்வாண்டும் மறு ஆண்டும் தேரூர்வலம் நிகழவில்லை. கொள்ளைநோயைத் தணிக்கப் பிறந்த விழா கொள்ளைநோயினாலேயே தடைப்பட்டது. ஆயின் விழா முற்றாக நின்றுவிடவில்லை. 2020இல் பல்லக்குகளுக்குப் பதிலாகத் தெய்வத்தினை மரக்கிளையில் எழுந்தருளச் செய்து, வெள்ளைக் குதிரையொன்றின் மீது ஏற்றி நகரினூடே கொண்டுசென்றனர். தேர்த்தெருக்களின் பிரதிநிதிகள் மரபுடையணிந்து, தேரின்றியே நடந்துசென்று, தெய்வத்தின் தங்குமிடத்தை வணங்கினர். பார்வையாளர் இல்லாதவிடத்தும் விழாவுக்கு உயிருண்டு என்பதனை இது நிறுவிற்று. அதேவேளை, பார்வையாளர் இன்றித் தேர் இல்லை என்பதனையும் அது நிறுவிற்று. சடங்கு எஞ்சியது, கலை உறங்கியது. யனகித்தாவின் கருத்து அரைப்பங்கு உண்மை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை.

பழமை வழிபாட்டின் ஆபத்து

உல்லாசப் பயணத்தினைச் சாடுவோர் பழைய சமூக ஒற்றுமையினைப் பொற்காலமாகக் காட்ட முற்படுவதுண்டு. அதுவும் விமரிசனத்துக்குரியதே. கப்பல் வடிவத் தேர்களில் எழுந்தருளும் பேரரசி ஜிங்கூ, கடல் கடந்து கொரியாவினை வென்றாள் என்னும் ஐதிகத்தின் நாயகி. ஏகாதிபத்திய யப்பான் கொரியாவினை ஆண்ட காலத்தில் இந்த ஐதிகம் அவ்வாதிக்கத்துக்கு நியாயமாக எடுத்தாளப்பட்டது. தேரின் அழகு அவ்வரலாற்றினை மறைத்துவிடலாகாது. இன்னும், பேரரசியொருத்தியின் வடிவத்தினைச் சுமக்கும் விழாவிலே உயிருள்ள பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டு வந்தது. அண்மைத் தசாப்தங்களிற் சில தேர்கள் பெண்களை இசைக்குழுவிற் சேர்த்துக்கொண்டுள்ளன. நகினத்தா தேரின் மீது பெண்கள் ஏறுவதில்லை. மரபு பேணல் என்னும் பெயரால் எதனைப் பேணுகின்றோம் என்ற கேள்வி எந்தச் சமூகத்துக்கும் பொதுவானது.

நகரின் நடுப்பகுதியிற் குடியிருப்போர் குறைந்து, கடைகளும் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் பெருகியுள்ளமையால், தெருவார் மட்டும் கூடித் தேரிழுத்த நிலை மாறிவிட்டது. கயிறு பிடிப்போருட் பலர் தொண்டர்களும் கூலிபெறும் பல்கலைக்கழக மாணவர்களுமாவர். தூய்மைவாதிக்கு இது வீழ்ச்சியாகத் தோன்றலாம். ஆயின் நுணுகி நோக்கின், பார்வையாளர் என்ற நிலையினைக் கடப்பதற்கு வழி இங்கேயே உளது. ஓராண்டு நண்பர்களோடு ஓரத்தில் நின்று கைதட்டியவன், மறு ஆண்டு மூங்கிற் பட்டையில் நீரூற்றுபவனாகவோ கயிற்றினைப் பற்றுபவனாகவோ ஆகலாம். குருதியுறவாலன்றி உழைப்பினாலே ஒரு சமூகத்தின் உறுப்பினனாதல் என்பது பழைய விழா அறியாத புதிய வாய்ப்பாகும்.

பேராதனைக்கு வந்த கேள்வி

இது யப்பானுக்கு மட்டுமுரிய பிரச்சினையன்று. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1955இல் யப்பான் சென்று நோ, கபுக்கி நாடகங்களைக் கண்டு திரும்பி, 1956இல் ‘மனமே’யினை மேடையேற்றினார். நவீன நகர வாழ்வினுள்ளும் பழைய அரங்கு உயிரோடிருக்கலாம் என்ற உறுதியினை யப்பான் அவருக்கு வழங்கியது. அவ்வெற்றியின் சூழலிலேயே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962) முதலான கூத்துகளை மாணவரைக் கொண்டு தயாரித்தார். வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்ட கூத்து, படச்சட்ட மேடையில் ஓரிரு மணிநேரத்துள் அடங்கியது. அதனால் இழந்தவை உண்டு. ஆயினும் அம்முயற்சி இல்லாதிருந்தாற் பல்கலைக்கழக மாணவர் கூத்தினைக் கற்றிருக்கவும், கற்றோர் அதனை மதித்திருக்கவும் வழி பிறந்திராது. கியோட்டோவில் ஒயிகே வீதி எழுப்பிய கேள்வியும் பேராதனை மேடை எழுப்பிய கேள்வியும் அடிப்படையில் ஒன்றே. ஒரு மக்கட்கலை தன் களத்தை விட்டுப் பெயரும்போது அதனைப் புதிய களத்தில் எதிர்கொள்பவர் வாடிக்கையாளரா, மாணவரா? பேராதனையில் அவர்கள் மாணவராயிருந்தனர்; ஆடக் கற்றனர். அதுவே அம்முயற்சியின் வெற்றிக்கு அடிப்படையாயிற்று.

விருந்தும் வாடிக்கையும்

கியோன் விழாவின் மூலக்கதை இக்கேள்விக்கு ஒரு விடையினைத் தன்னுள்ளே கொண்டுள்ளது. பயணியாக வந்த தெய்வம் ஓரிரவு தங்க இடங் கேட்டது. செல்வனான கோதன் ஷோராய் மறுத்தான். வறியவனான சோமின் ஷோராய் தினைச்சோறு அளித்து இடமுந் தந்தான். பின்னர்க் கொள்ளைநோய் வந்தபோது சோமினின் வீட்டார் மட்டும் காக்கப்பட்டனர். ஆகவேதான் விழாவில் வழங்கப்படும் ‘சிமக்கி’ என்னும் மூங்கிலிலைக் கட்டுகளில், இவ்வீட்டார் சோமின் ஷோராயின் வழித்தோன்றல்கள் என்னும் பொருள்பட எழுதி வாயிலிலே தொங்கவிடுகின்றனர். யார் யாரோ பிறந்த வீடுகளெல்லாம் ஓர் ஏழையின் குலமெனத் தம்மை அறிவித்துக்கொள்கின்றன.

அந்நியனை வரவேற்றமையே இவ்விழாவின் தொடக்க நீதி. எனவே வெளியிலிருந்து வருவோரால் விழா கெடுகின்றது என்னும் வாதம் விழாவின் கதைக்கே முரணானது. விருந்து என்னும் தமிழ்ச் சொல்லும் முதலிற் புதுமையினையும், பின்னரே புதிதாய் வந்தவரையும் குறித்தது. கெடுதல் நேர்வது அந்நியன் வருவதனாலன்று. அவன் விருந்தினனாக வராது வாடிக்கையாளனாக வருவதனாலும், அவனை அவ்வாறே வருமாறு அழைப்பதனாலுமாகும். வாடிக்கையாளன் கொடுத்த பணத்துக்குக் காட்சியினைப் பெற்றுச் செல்கின்றான், கணக்குத் தீர்கின்றது. விருந்தினனுக்கோ கணக்குத் தீர்வதில்லை. உண்ட வீட்டின் நலத்தில் அவனுக்கு அக்கறையுண்டு. அதன் குறைகளைக் கண்டு பேசும் உரிமையும் உண்டு. விமரிசனம் என்பதும் இவ்வுரிமையின் ஒரு வடிவமே.

நண்பர்களோடு செல்லும் ஒரு நாள் ஒரு பண்பாட்டினை முழுமையாக அறியப் போதுமானதன்று. ஆனால் அந்த நாளின் மாலைவேளையில், கூட்டம் கலைந்த பின்னரும் வீதியில் நின்று, தேர் பிரிக்கப்படுவதையும் பல்லக்கு வருவதையும் காண்பதற்கு ஒருவர் துணிவாராயின், அவர் பார்வையாளர் என்ற நிலையிலிருந்து ஓரடி முன்னே வைத்தவராவார். விழாவின் எதிர்காலம் தேர்களின் தொகையிலோ உலகப் பட்டியல்களிலோ தங்கியிருக்கவில்லை. அவ்வாறு மாலை வரை காத்திருப்போர் எத்தனை பேர் என்பதிலேயே அது தங்கியுள்ளது.